நடுவில் நிற்கும் முள்: எஞ்சின் வெப்பமும் தெர்மோஸ்டாட்டும்

ரொறன்ரோ நகரத்தில் பதிவான வெப்பநிலைகளுள் மிகத் தாழ்ந்தது 1859 ஜனவரி 10 அன்று அளக்கப்பட்ட மைனஸ் 32.8 பாகை செல்சியஸ். மிக உயர்ந்தது 1936 ஜூலை வெப்ப அலையின்போது பதிவான 40.6 பாகை. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே 73 பாகைக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தும், அந்நகரத்துச் சாலைகளில் ஓடும் பெட்ரோல் கார்களின் எஞ்சின்கள், ஜனவரியானாலும் ஜூலையானாலும், சூடேறி முடிந்தபின் ஏறத்தாழ 90 பாகையை ஒட்டியே இயங்குகின்றன. பெரும்பாலான கார்களில் இந்தச் சமநிலையைக் காப்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு வால்வும் அதன் நடுவே பித்தளைக் குப்பிக்குள் அடைக்கப்பட்ட சிறிதளவு மெழுகுமே ஆகும். தெர்மோஸ்டாட் என்று அழைக்கப்படும் இந்த வால்வு பழுதுபட்டால் அதை முதலில் அறிவிக்க வேண்டியது ஓட்டுநரின் எதிரே இருக்கும் வெப்பநிலைக் காட்டி. ஆனால் அந்தக் காட்டியின் முள் மேலேறுவதை மட்டுமே ஆபத்தாகக் கருதும் பழக்கம் வெப்ப நாடுகளிலிருந்து வந்த ஓட்டுநர்களிடம் ஆழமாக வேரூன்றியிருப்பதால், அது கீழேயே கிடப்பதும் ஒரு பழுதின் அறிகுறி என்பது கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை நகர்த்தும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேற, எஞ்சியது சிலிண்டர்களின் சுவர்களையும் அவற்றின் மேல் மூடியாக அமைந்த சிலிண்டர் ஹெட்டையும் சூடாக்குகிறது. இந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் எண்ணெய்ப் படலம் கருகி, ஹெட் வளைந்து, அதற்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் என்ற தகடு பிளந்துவிடும். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவது, இரும்பு உடலும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்த எஞ்சின்களில் இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. எனவே எஞ்சினின் வார்ப்புக்குள்ளேயே அமைக்கப்பட்ட வாய்க்கால்களில் கூலண்ட் எனப்படும் நீர்மத்தைப் பம்பு ஒன்று ஓயாமல் சுற்றிவிடுகிறது. அது அங்கே சூட்டை வாங்கிக்கொண்டு, வண்டியின் முன்புறத்தில் மெல்லிய குழாய்களும் தகடுகளுமாக இருக்கும் ரேடியேட்டருக்குச் சென்று, காற்றிடம் அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது.

சூடு தீங்கென்றால் எஞ்சினை எவ்வளவு குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற முடிவுக்கு வருவது இயல்பே. ஆனால் அது தவறு. பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் ஒழுங்காக எரியும். குளிர்ந்த சிலிண்டரில் அதன் ஒரு பகுதி சுவர்களில் துளிகளாகப் படிந்து, உராய்வைத் தடுக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். இந்த இழப்பை ஈடுகட்ட எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி தேவைக்கு மிகுதியான பெட்ரோலைத் தெளிப்பதால் செலவும் கூடுகிறது, புகையும் கெடுகிறது. மேலும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது அதன் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விட, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் கசியும் சிறு பகுதி, எஞ்சின் சூடாக இருந்தால் மீண்டும் ஆவியாகி வெளியேறும். எஞ்சின் குளிர்ந்தே கிடந்தால் எண்ணெயோடு கலந்து வெண்மஞ்சள் நிறக் கசடாகப் படியும். குளிர்காலத்தில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் கார்களின் எண்ணெய் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் இந்தக் கசடைக் காணலாம்.

குளிர்ந்த எஞ்சினில் எரிபொருள் ஆவியாகாமையின் விளைவை யாழ்ப்பாணத்து ஓட்டுநர்கள் வேறொரு வழியில் அறிந்திருந்தார்கள். 1990களின் பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டுக்குள் பெட்ரோல் வருவது ஏறத்தாழ நின்றுவிட்டதால், அங்கிருந்த ஆஸ்டின், மொரிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும் என்பதால் குளிர்ந்த எஞ்சினை அதைக்கொண்டு கிளப்ப முடியாது. எனவே கிடைத்த சில துளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறையாக இருந்தது. எஞ்சினின் சூடு எரிபொருளைப் பயன்படத்தக்கதாக்கும் கருவியும் ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறைச் சான்று எந்த ஆய்வகத்திலும் தேவையில்லை. ரொறன்ரோவின் மைனஸ் 20 பாகையில் பெட்ரோலின் நிலைமை யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெயின் நிலைமையைப் பெருமளவு ஒத்திருக்கிறது.

இந்தச் சூட்டைக் காக்கும் தெர்மோஸ்டாட் ஆரம்பகாலக் கார்களில் இருக்கவில்லை. ரொறன்ரோவில் டான்போர்த், விக்டோரியா பார்க் வீதிகள் சந்திக்கும் இடத்தில், இன்று ஷாப்பர்ஸ் வேர்ல்ட் வணிக வளாகம் நிற்கும் நிலத்தில், 1920களில் இயங்கிய ஃபோர்ட் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட மாடல் டி கார்கள், சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயல்பை மட்டுமே நம்பி, பம்பும் தெர்மோஸ்டாட்டும் இல்லாமல் குளிர்விக்கப்பட்டன. பின்னர் வந்த தெர்மோஸ்டாட்டுகளில், எளிதில் ஆவியாகும் நீர்மம் அடைக்கப்பட்ட துருத்தி போன்ற மடிப்புக் குழல் ஒன்று, சூட்டில் நீண்டு வால்வைத் திறந்தது. ஆனால் குளிர்விப்பு அமைப்பை மூடி அழுத்தத்தில் இயக்கத் தொடங்கியபோது, அந்த அழுத்தமே துருத்தியை நசுக்கி அதன் கணக்கைக் கெடுத்தது. இதற்கு விடையாக அமைந்தது 1934இல் செர்ஜியஸ் வெர்னே கண்டறிந்த மெழுகு வால்வு. திண்ம மெழுகையோ உருகிய மெழுகையோ அழுத்திச் சுருக்குவது அரிது என்பதால் சுற்றியுள்ள அழுத்தம் அதைப் பாதிப்பதில்லை. உருகும்போது மட்டும் அது பத்து விழுக்காட்டுக்கு மேல் பருத்து, ரப்பர் உறை ஒன்றின் வழியாக நடுவிலுள்ள ஒரு கம்பியை வெளியே தள்ளுகிறது. கம்பியின் மறுமுனை சட்டத்தில் பதிந்திருப்பதால் குப்பியே பின்னோக்கி நகர்ந்து, தன்னோடு இணைந்த வால்வுத் தட்டை ஒரு சுருள்வில்லின் எதிர்ப்பை மீறித் திறக்கிறது. மெழுகு உறைந்ததும் வில் அதை மூடிவிடுகிறது. மெழுகு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், குப்பி முழுவதும் விரைந்து சூடேற அதனுடன் செப்புத்தூள் கலக்கப்படுகிறது. எந்த வெப்பநிலையில் உருக வேண்டும் என்பதை மெழுகின் கலவையை மாற்றியே தீர்மானிக்கிறார்கள். 82, 88, 92 என்று வால்வின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் எண் அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறிக்கிறது. முழுமையாகத் திறக்க அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து பாகை தேவைப்படும். அமெரிக்கச் சந்தைக்குரிய பாகங்களில் 195 என்ற எண்ணைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. அது ஃபாரன்ஹீட் அளவு, செல்சியஸில் ஏறத்தாழ 91.

வால்வு மூடியிருக்கும்போது கூலண்ட் நின்றுவிடுவதில்லை. ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் துணைப்பாதை வழியாகவும், பயணிகள் இருக்கும் பகுதியைச் சூடாக்கும் ஹீட்டர் வழியாகவும் அது எஞ்சினுக்குள்ளேயே சுழன்று சீராகச் சூடேறுகிறது. பல எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் உண்டு. ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே மற்றது துணைப்பாதையை அடைத்துவிடும். வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழைய பட்டறைகளில் பரவலாக இருந்தது. அந்தக் கருத்து கடல் கடந்து ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இரட்டைத் தட்டு வால்வைக் கழற்றினால் துணைப்பாதை நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சூடாகவே திரும்பித் திரும்பிச் சுழலும். எஞ்சினைக் குளிர்விக்கச் செய்த வேலையே, 2003 மே 31இல் சென்னையில் பதிவான 45 பாகை போன்ற வெயிலில், அதைக் கொதிக்க வைத்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நீர் மிக வேகமாக ஓடிச் சூட்டை வாங்க நேரமில்லாமல் போகிறது என்று சிலர் சொல்லும் விளக்கம் இயற்பியலுக்கு ஒவ்வாதது. வேகமாகச் சுற்றும் நீர் மொத்தத்தில் அதிக வெப்பத்தையே கடத்தும். உண்மைக் காரணம் அடைபடாத துணைப்பாதைதான்.

இதோடு சேர்த்துத் தெளிவுபடுத்த வேண்டிய இன்னொன்று, தெர்மோஸ்டாட் எஞ்சின் வெப்பத்தின் கீழ் எல்லையை மட்டுமே விதிக்கிறது என்பது. அது முழுமையாகத் திறந்தபின் வெப்பநிலை எங்கே நிற்கும் என்பதை ரேடியேட்டரின் அளவும் விசிறியும் வெளிக்காற்றும் தீர்மானிக்கின்றன. ஆகவே கோடையில் எஞ்சின் கொதிக்கிறது என்பதற்காக 71 பாகையில் திறக்கும் வால்வை வாங்கிப் பொருத்துவதால் கொதிப்பு சற்றுத் தாமதப்படலாமே ஒழிய நிற்காது. ஆனால் ஜனவரியில் அதற்கான விலையைக் கொடுக்க நேரும்.

அந்த விலை முதலில் தெரிவது கால்விரல்களில். பெட்ரோல் காருக்குள் வீசும் வெப்பக்காற்றுக்கு மூலம் எஞ்சின் கூலண்டே. அது முன்பலகைக்குப் பின்னாலுள்ள ஹீட்டரின் சிறு ரேடியேட்டருக்குள் பாய, விசிறி அதன் ஊடாகக் காற்றை ஊதுகிறது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிவிட்டால், மைனஸ் 15 பாகைக் காற்று மோதும் பெரிய ரேடியேட்டருக்குள் கூலண்ட் முழுவதும் ஓயாமல் ஓடி, எஞ்சின் 50, 60 பாகையைத் தாண்டுவதற்கே திணறும். கண்ணாடியில் படிந்த உறைபனியைக் கரைக்கும் அளவுக்குக்கூடக் காற்று சூடேறாது. நின்ற இடத்தில் நெடுநேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவது இதற்கு விடையாகாது. சுமையில்லாமல் சுற்றும் எஞ்சின் மிக மெதுவாகவே சூடேறும் என்பதோடு, ரொறன்ரோ நகராட்சி விதியும் நின்ற வண்டியின் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடுவதைத் தடைசெய்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையை வைத்துக் காற்றை மறைப்பது கனடாவில் நெடுங்காலமாக வழங்கும் உத்தி. தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும் காருக்கு ரொறன்ரோவின் குளிரில் அது தேவைப்படாது, பழுதான காரில் பழுதை மறைக்கும், மறந்துபோய் ஏப்ரல் வரை விட்டுவைத்தால் எஞ்சினையே கொதிக்க வைக்கும். வெப்பத்தைச் சேமிக்கும் எண்ணத்தில் டொயோட்டா நிறுவனம் 2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்ற பிரியஸ் கார்களில் சூடான கூலண்டை வெற்றிடக் குடுவை ஒன்றில் மூன்று நாட்கள் வரை காத்து, அடுத்த முறை எஞ்சின் கிளம்பும்போது திருப்பி ஊட்டும் அமைப்பையே வைத்திருந்தது. எஞ்சின் குளிர்ந்திருப்பதை வடிவமைப்பாளர்கள் எவ்வளவு பெரிய இழப்பாகக் கருதுகிறார்கள் என்பதற்கு அது சான்று.

வெப்பநிலைக் காட்டியின் வரலாறும் ரேடியேட்டரின் மேலேயே தொடங்குகிறது. 1910களில் பரவிய பாய்ஸ் மோட்டோமீட்டர் என்பது ரேடியேட்டர் மூடியின் மேல் நிறுத்தப்பட்ட ஒரு வெப்பமானி. ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாக அதன் சிவந்த கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைய கார்களில் அந்த இடத்தை மின்தடை உணரி பிடித்திருக்கிறது. சூடேற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆன இந்த உணரி, 20 பாகையில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஓம் வரையும், 80 பாகையில் சில நூறு ஓம் மட்டுமேயும் காட்டும். அதிலிருந்து வெப்பநிலையைக் கணித்து, எரிபொருள் அளவையும் விசிறியையும் முள்ளையும் கணினி இயக்குகிறது.

இந்த முள் வெப்பமானியைப் போல நேராக அளந்து காட்டுகிறது என்று நம்புவதுதான் ஓட்டுநர்கள் செய்யும் பெரிய பிழை. பழைய கார்களில் சிவப்பு விளக்கு தோறும் முள் அசைவதைக் கண்டு வாடிக்கையாளர்கள் பதறியதால், பல நிறுவனங்கள் ஏறத்தாழ 75 பாகையிலிருந்து 105 பாகை வரை முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்துவிட்டன. எனவே நடுவில் நிற்கும் முள் எஞ்சின் 90 பாகையில் இருப்பதை உறுதிப்படுத்துவதில்லை. குறிப்பிட்ட எல்லைகளுக்குள் எங்கோ இருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கிறது. அத்தகைய காரில் முள் நடுவைத் தாண்டி ஒரு கோடளவு மேலே நகர்ந்தாலும் அது தொடக்கநிலை எச்சரிக்கை அல்ல. வெப்பநிலை ஏற்கெனவே அளவு மீறிவிட்டது என்று கொள்ள வேண்டும். இன்னொரு குறைபாடும் உண்டு: உணரி கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலண்ட் கசிந்து மட்டம் இறங்கி, உணரியைச் சுற்றி ஆவியும் காற்றும் மட்டும் இருந்தால், எஞ்சின் கருகிக்கொண்டிருக்கும் வேளையிலும் முள் தாழ்ந்திருக்கக்கூடும். முள் ஏறும் நேரத்தில் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால், கூலண்ட் குறைந்துவிட்டது என்றோ பம்பு சுற்றிவிடவில்லை என்றோ பொருள். உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டிய நிலை அது.

முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்போது நகர்கிறது என்பதே பழுதறிவோருக்கு அதிகம் உதவும். 401 நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது முள் இறங்கி, வெளியேறும் வழியிலுள்ள சிவப்பு விளக்கில் நின்றதும் ஏறினால், குளிர்காலத்தில் அது பெரும்பாலும் திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட். இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் நடுவில் நின்றுவிட்டு, டொன் வலி பார்க்வேயின் மாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் முள் ஏறினால் விசிறியையோ அதன் மின்சுற்றையோ ஐயுற வேண்டும். வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நெரிசலில் அந்தப் பணி விசிறியுடையது. வேகமோ ஏற்றமோ கூடும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். எஞ்சின் கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் விரைந்து உச்சிக்குப் போனால், மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், காற்றுக்குமிழி, பிளந்த கேஸ்கட் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இவற்றைக் கையாலும் ஓரளவு சோதிக்கலாம். இரவு முழுவதும் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, விசிறியிலிருந்தும் பட்டைகளிலிருந்தும் கையை விலக்கி வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டுப் பார்த்தால், பெரும்பாலான எஞ்சின்களில் அது முதலில் குளிர்ந்தே இருந்து, பல நிமிடங்களுக்குப் பின் தெர்மோஸ்டாட் திறந்ததும் திடீரெனச் சூடாகும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு மூடவில்லை என்று அறியலாம். இதைவிடத் துல்லியமான வழி, 1998க்குப் பின் கனடாவில் விற்கப்பட்ட கார்களில் முன்பலகைக்கு அடியிலுள்ள இணைப்பில் செருகும் சிறு ஸ்கேனர். முள் மறைக்கும் உண்மை வெப்பநிலையை அது எண்ணாகவே காட்டும். அந்த எண் 0 முதல் 255 வரையான ஓர் அளவிலிருந்து 40ஐக் கழித்துப் பெறப்படுவதால், அது காட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 40. ஜூலை நடுப்பகலில் ஸ்கேனர் மைனஸ் 40 என்று காட்டினால் உணரியின் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வீண் வேலை.

எஞ்சின் எதிர்பார்த்த நேரத்துக்குள் சூடேறவில்லையெனில் கணினி பி0128 என்ற பழுதுக் குறியீட்டைப் பதிந்து, எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எரியவிடும். ஒன்ராறியோவில் 1999இல் தொடங்கிய டிரைவ் கிளீன் புகைச் சோதனை பயணிகள் கார்களுக்கு நடைமுறையில் இருந்தபோது, அதன் பிற்காலத்தில், இந்த விளக்கு எரியும் கார் தேறாது என்பதால் உரிமையாளர்கள் அதைக் கவனித்தே தீர வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் அந்தச் சோதனை கைவிடப்பட்டபின், விளக்கு ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டிருப்பதும், அதன் பின்னால் நாள்தோறும் கூடுதல் பெட்ரோல் செலவாவதும் வழக்கமாகிவிட்டன. தெர்மோஸ்டாட் எஞ்சினின் மலிவான பாகங்களுள் ஒன்று என்பதை நினைத்தால் இது சிக்கனம் ஆகாது.

மாற்றும் வேலை, எளிய எஞ்சின்களில், வீட்டு வாசலிலேயே செய்யத்தக்கது. பல புதிய கார்களில் வால்வும் உறையும் உணரியும் ஒரே பிளாஸ்டிக் பாகமாக இருப்பதாலும், சிலவற்றில் மெழுகுக்குள் மின்சூடேற்றி பதிக்கப்பட்டு, கணினி விரும்பும்போது முன்கூட்டியே திறக்கும்படி அமைந்திருப்பதாலும், அந்தந்த வண்டிக்குரிய பாகத்தையே வாங்க வேண்டும். எஞ்சின் முழுமையாகக் குளிரும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மிகையழுத்தத்தில் இயங்கும் அமைப்பில், பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 125 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணமே அது கொதித்து முகத்தில் பீறிடும். கூலண்டைத் தேவையான மட்டத்துக்கு ஒரு பாத்திரத்தில் வடித்தபின், குழாய் எஞ்சினைச் சேருமிடத்திலுள்ள உறையைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் தெரியும். அது எந்தப் பக்கம் நோக்கி அமர்ந்திருந்தது என்பதை எடுக்குமுன் பார்த்துவைக்க வேண்டும்; வில்லும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கமாகச் சூடான கூலண்டில் மூழ்கியிருக்க வேண்டியவை, தலைகீழாகப் பொருத்தினால் வால்வு உரிய நேரத்தில் திறக்காது. வால்வின் விளிம்பில் ஆடும் சிறு ஆணி ஒன்று இருந்தால் அது உச்சியில் வரவேண்டும். மேலே தேங்கும் காற்று வெளியேற அதுவே வழி. பழைய கேஸ்கட்டின் ஒட்டுகளைச் சுரண்டித் துடைத்து, புதிய கேஸ்கட்டையோ ரப்பர் வளையத்தையோ வைத்து, போல்ட்டுகளைக் குறிக்கப்பட்ட இறுக்கத்துக்கு மேல் போகாமல் சீராக முறுக்க வேண்டும். அலுமினிய இழைகளும் பிளாஸ்டிக் உறைகளும் மிகையான வலுவை மன்னிப்பதில்லை.

ஐயம் இருந்தால் கழற்றிய பாகத்தைச் சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரம் ஒன்றில் சோதிக்கலாம். அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் இட்டு நீரைச் சூடாக்கினால், பொறிக்கப்பட்ட எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கிக் கொதிநிலைக்கு முன் பல மில்லிமீட்டர் விலகுவது நல்ல வால்வு. புதிதாக வாங்கியதையும் பொருத்துமுன் இவ்வாறு பார்த்துவிடுவது மிகையான எச்சரிக்கை ஆகாது.

மீண்டும் நிரப்பும்போது கலவை விகிதம் முக்கியம். எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளே பெரும்பாலான கூலண்டுகளின் அடிப்படை. நீரோடு சரிபாதியாகக் கலந்தால் அது மைனஸ் 37 பாகை வரை உறையாது, ரொறன்ரோவின் 1859ஆம் ஆண்டுப் பதிவையும் தாங்கும். குளிருக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி நீரே கலக்காமல் ஊற்றினால் நேர்மாறாக முடியும்: தூய எத்திலீன் கிளைக்கால் ஏறத்தாழ மைனஸ் 13 பாகையிலேயே உறைந்துவிடும், வெப்பத்தையும் நீரைப்போல் வாங்காது. வெறும் நீரை ஊற்றுவது அதைவிடக் கொடியது; உறையும் நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருத்து எஞ்சினின் இரும்பையே பிளக்கும். கூலண்டின் நிறத்துக்குப் பொது விதி ஏதும் இல்லாததால், பச்சையோ சிவப்போ என்று பார்த்து வாங்காமல் வண்டியின் கையேடு சொல்லும் வகையையே ஊற்றி, நீருக்குக் காய்ச்சி வடித்ததைப் பயன்படுத்த வேண்டும். பின்னர் ஹீட்டரை உச்சச் சூட்டில் வைத்து, மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை சிறிது சிறிதாக நிரப்புவது காற்றை வெளியேற்றும் வழி. இதில் அவசரப்பட்டவர்களே புதிய தெர்மோஸ்டாட்டையும் குறைகூறித் திரும்பக் கழற்றுகிறார்கள்.

வடித்த கூலண்ட் இனிப்புச் சுவையுடையது, நஞ்சு. சிறிதளவு குடித்தாலே நாயும் பூனையும் இறந்துபோகும், குழந்தைகளுக்கும் ஆபத்து. தெருவோர மழைநீர் வடிகால் ஓடைகளுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. குடிநீரும் அந்த ஏரியிலிருந்தே வருகிறது. ஆகவே மூடியுள்ள கலத்தில் சேர்த்து, பெயர் எழுதி, நகராட்சியின் அபாயக் கழிவு ஒப்படைப்பு நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இன்று பல சிறிய கார்களில் முள்ளே இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், அளவு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கும் எரியும். இடையில் எதுவும் தெரியாது. சிவப்பு எரிந்தால் குளிர்சாதனத்தை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஜனவரிக் காலையில் இருபது நிமிடம் ஓடியபின்னும் நீலம் அணையவில்லையென்றால், ஹீட்டரைக் குறைகூறாமல், கராஜுக்குக் கொண்டுபோய்த் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.